முதலில் அந்தக் குன்றுக்குப் போங்கள், தோழர்களே: தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். நான் கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கேயே நிலத்துக்கு அடியில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டில் இறங்கினார். அப்பாவும் அதே கூண்டில் இறங்கி, நுரையீரலில் பாறைத்தூசியை வாங்கிக்கொண்டு ஐம்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். 2001 பிப்ரவரியில் எங்கள் சுரங்கம் மூடப்பட்டது. அப்புறம் பதினைந்து வருடம் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குக் காவலாளி வேலைக்குப் போய் வந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன், படிக்கிறேன். படிப்பதில் பெரும்பகுதி உங்கள் நாட்டைப் பற்றித்தான். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தங்கம் தேடியவனுக்கு, அதைவிட ஆழத்தில் தங்கம் தேடும் ஊரின் கதை அடுத்த தெருக் கதை மாதிரி.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். என் மகள் ஆங்கிலத்தில் மாற்றி உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். தமிழில் இதை நாலு பேர் படிக்க வேண்டும் என்பதும் என் ஆசை. உங்கள் கட்சியின் கதையில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். 1930களில் டர்பன் ஆலைகளில் கறுப்பினத் தொழிலாளிகளையும் இந்தியத் தொழிலாளிகளையும் ஒரே சங்கத்தில் சேர்க்க அலைந்தவர்களில் ஜார்ஜ் பொன்னனும் எச்.ஏ. நாயுடுவும் முக்கியமானவர்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்த பிள்ளைகள் அவர்கள்.

2024 டிசம்பரில் உங்கள் சிறப்பு மாநாடு, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் கூட்டணியின் பெரிய கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் நிழலில் நிற்காமல் உங்கள் பெயரிலேயே போட்டியிடுவது என்று தீர்மானித்தது. அதைப் படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. தாமதமான முடிவு, ஆனால் சரியான முடிவு. அந்த நிறைவோடு கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

யாருடைய கட்சியாக நிற்கப் போகிறீர்கள்?

உங்கள் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு முறை. 1921 ஜூலையில் கேப் டவுனில் கட்சி பிறந்தது. ஒரு வயது நிறைவதற்குள் தங்கச் சுரங்கப் பகுதியான ரேண்டில் 1922 கிளர்ச்சி வந்துவிட்டது. வெள்ளைச் சுரங்கத் தொழிலாளிகளின் இடத்தில் குறைந்த கூலிக்குக் கறுப்பினத் தொழிலாளிகளைப் போடுவது என்று முதலாளிகள் முடிவெடுத்தார்கள். வெள்ளையர்கள் வேலையை நிறுத்தினார்கள். பிரதமர் ஸ்மட்ஸின் அரசு விமானத்தையும் பீரங்கியையும் கொண்டுவந்து அடக்கியது. அந்தப் போராட்டத்தில் உலகத் தொழிலாளரே, வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காக ஒன்றுபடுங்கள் என்று ஒரு பதாகை இருந்தது. உங்கள் கட்சி அந்தப் பதாகையை எழுதவில்லை, கறுப்பர்கள் மீதான தாக்குதல்களைக் கண்டிக்கவும் செய்தது. ஆனாலும் அந்தப் பதாகைக்குப் பக்கத்தில் நின்றது. சங்கம் வைத்திருக்கிறவன்தான் தொழிலாளி, கூலியைக் கெடுக்க வந்தவன் வெளியாள் என்ற எண்ணம் அன்று இடதுசாரிகளுக்குள்ளும் ஊறியிருந்தது.

அப்புறம் நீங்கள் மாறினீர்கள். கறுப்பினத் தொழிலாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினீர்கள், குடியிருப்புகளுக்குள் போனீர்கள். 1928 வாக்கில் கட்சி உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பர்கள். அதே வருடம்தான் கறுப்பினப் பெரும்பான்மைக் குடியரசு என்ற கோரிக்கை வந்தது. அது மாஸ்கோவின் உத்தரவு என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. உத்தரவு மாஸ்கோவிலிருந்து வந்தது உண்மைதான். அதை எதிர்த்த, கட்சித் தலைவர்களில் ஒருவரான பன்டிங் போன்ற நேர்மையான மனிதர்கள் பிறகு வெளியேற்றப்பட்டதும் உண்மை, அது கட்சிக்குப் பெருமை சேர்க்கவில்லை. ஆனால் அந்தக் கோரிக்கை வேர்விட்டதற்குக் காரணம் கம்பவுண்டு என்ற சுரங்கத் தொழிலாளர் கொட்டடிகளுக்குள் இருந்த மனிதர்கள். இல்லாவிட்டால் 1946 வேலைநிறுத்தம் நடந்திருக்காது.

அந்த ஆகஸ்டில் ஜே.பி. மார்க்ஸ் தலைமையில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினச் சுரங்கத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது ஒரு நாளைக்குப் பத்து ஷில்லிங். போலீஸ் சுட்டது, அடித்தது, மண்ணுக்கு அடியில் வேலைத்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டவர்களை மேலே துரத்தியது. ஒரு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் முறிந்தது. அதே 1946-இல் எங்கள் வயலிலும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தாத்தா சாகும்வரை அந்த வருடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் நம்மைப் போலவே நின்றார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பத்து ஷில்லிங் என்னை நிறைய யோசிக்க வைத்தது. 1894-இல் கேப் காலனியின் பிரதமராக இருந்த ரோட்ஸ், க்ளென் கிரே சட்டம் கொண்டுவந்தார். தன் ஊரை விட்டு வெளியே போய்க் கூலி வேலை செய்ததாகக் காட்ட முடியாத ஆணுக்கு வருடம் பத்து ஷில்லிங் வரி. சொந்த நிலத்தில் சோளம் விதைத்துப் பிழைத்தவனை வரி போட்டுச் சுரங்கத்துக்கு விரட்டினார்கள். 1913-இல் நிலச் சட்டம் வந்து மிச்சத்தையும் பறித்தது. மார்க்சியம் ஆப்பிரிக்காவுக்கு அந்நியச் சரக்கு என்று அங்கே இப்போதும் வாதம் நடக்கிறது, எங்கள் ஊரிலும் இதே பேச்சு உண்டு. சரி, மூலதனம் எந்த மண்ணில் முளைத்தது? அதுவும் கப்பலில் வந்ததுதான். வரியாகவும் போலீஸாகவும் வந்தது. உங்கள் 1962 திட்டம் இதைத்தான் தனிவகைக் காலனியம் என்று சொன்னது: ஆள்கிற நாடும் அடிமை நாடும் ஒரே வரைபடத்துக்குள். உங்கள் கட்சி இந்த உலகத்துக்குக் கொடுத்த சிந்தனைகளில் அதை மிக உயர்ந்ததாக நான் மதிக்கிறேன். சாதி எந்த இடத்தில் முடிகிறது, வர்க்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கோடு போட முடியாத சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு அது உடனே புரிந்தது.

அந்தச் சிந்தனையிலிருந்துதான் இரண்டு கட்டம் என்ற வழியும் வந்தது. முதலில் தேசிய ஜனநாயகப் புரட்சி, அதன் வழியாகச் சோசலிசம். நிறவெறி அரசு துப்பாக்கியோடு நின்ற காலத்தில் அந்த வழியில் நியாயம் இருந்தது. 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு என்ன ஆயிற்று? 1996-இல் அரசு தன் பொருளாதாரக் கொள்கையைத் தனியார் முதலீட்டின் பக்கம் திருப்பியது. நீங்கள் மேடையில் எதிர்த்தீர்கள். உங்கள் ஆட்கள் அமைச்சரவையில் அதை நிறைவேற்றினார்கள். 1999-இலிருந்து பொதுத்துறை நிறுவனங்களுக்கு அமைச்சராக இருந்து தனியார்மயத்தை நடத்திய ஜெஃப் ராடெபே உங்கள் மத்தியக் குழுவில் இருந்தவர். 2002 மாநாட்டில் உங்கள் உறுப்பினர்கள் அவரைக் குழுவிலிருந்து தோற்கடித்தார்கள், ஆனால் அமைச்சர் பதவி அப்படியே இருந்தது. 2007-இல் அதிபர் எம்பெக்கியை இறக்க வேண்டும் என்பதற்காக அவருடைய போட்டியாளர் ஜூமாவைத் தோளில் தூக்கினீர்கள். பத்து வருடம் கழித்து, அதிபராக இருந்த ஜூமாவைப் பதவி விலகச் சொன்னீர்கள். 2024 தேர்தலில் அவருடைய புதுக் கட்சி 14 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அந்த ஓட்டுகளில் எத்தனை ஒரு காலத்தில் உங்கள் பேச்சைக் கேட்டு அவர் பக்கம் போனவை என்று நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூண்டு முதல் தளத்திலேயே முப்பது வருடம் நிற்கிறது, தோழர்களே. சுரங்கத்தில் அதைக் கட்டம் என்று சொல்ல மாட்டோம், பழுது என்போம்.

இதையெல்லாம்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கூட்டணி என்றால் சறுக்கல் இருக்கும். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது 2012 ஆகஸ்ட் 16.

மரிக்கானா பிளாட்டினச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் தொழிலாளிகள் கேட்டது மாதம் 12,500 ராண்ட். கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை என்றார்கள். அந்த வேலை என்னவென்று எனக்குத் தெரியும். துளை மிஷினை இடுப்பில் முட்டுக்கொடுத்து, குனிந்து, தண்ணீரும் சேறும் முகத்தில் தெறிக்க எட்டு மணி நேரம். என் இடது காது போனது அதில்தான். அவர்களில் பலர் கிழக்கு கேப்பிலிருந்து வந்தவர்கள், எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிறவர்கள், தகரக் கொட்டகையில் குடியிருப்பவர்கள். சுரங்கத் தொழிலாளர் தேசியச் சங்கத்தை நம்பி அலுத்து, அதைத் தாண்டித் தாங்களே குன்றின் மேல் உட்கார்ந்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு அவர்கள் சங்க அலுவலகத்தை நோக்கிப் போனபோது சங்கக்காரர்களே அவர்கள் மேல் சுட்டார்கள். அந்த வாரத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கமும் கொலைகள் நடந்தன. இரண்டு போலீஸ்காரர்களும் இரண்டு காவலாளிகளும் செத்தார்கள், வேலைக்குப் போன தொழிலாளிகளும் செத்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 16-ஆம் தேதி போலீஸ் கொன்றது முப்பத்து நான்கு பேரை. அதில் பாதிப் பேர் காமிராக்களின் கண்ணுக்கு எட்டாத சின்னக் குன்றின் பாறை இடுக்குகளில், ஓடி ஒளிந்த இடத்தில் செத்தார்கள். பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டு எல்லோர் சார்பிலும் பேசிய அந்த முப்பது வயது மனிதரின் உடம்பில் பதினான்கு குண்டுகள்.

அந்தச் சுரங்கக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் அப்போது இருந்தவர், பிறகு நாட்டின் அதிபரான சிரில் ராமபோசா. 1982-இல் சுரங்கத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் முதல் பொதுச் செயலாளராக வந்து, 1987-இல் லட்சக்கணக்கான தொழிலாளிகளை மூன்று வாரம் வேலைநிறுத்தத்தில் நிறுத்தியவர். விசாரணை ஆணையம் அவர்மேல் குற்றம் காணவில்லை. நானும் அவரைக் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. ஒரே மனிதர் முப்பது வருடத்துக்குள் மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார முடிந்தது. துளை மிஷின்காரன் இருந்த இடத்திலேயே இருந்தான். கறுப்பினத்தாருக்குப் பொருளாதார அதிகாரம் என்று பேசியதில் நடந்தது இதுதானா என்று உங்கள் நாட்டு இளைஞர்கள் கேட்கிறார்கள்.

நீங்கள் அன்று என்ன செய்தீர்கள்? இரங்கல் தெரிவித்தீர்கள். ஆனால் உங்கள் அறிக்கைகளில் சுட்ட போலீஸ்மேல் இருந்த கோபத்தைவிட, போட்டிச் சங்கமான அம்கு மேல் இருந்த கோபம் கூடுதலாக இருந்தது. படித்தபோது கை நடுங்கியது. 1922-இல் வெள்ளைத் தொழிலாளியின் சங்கத்துக்குப் பக்கத்தில் நின்றீர்கள். 2012-இல் சங்கம் நிலைபெற்ற தொழிலாளியின் பக்கத்தில் நின்றீர்கள். இரண்டு தடவையும் வெளியாள் என்று பட்டவன் எல்லோரையும்விட அடியில் இருந்த தொழிலாளி.

இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். உரிமை இருக்கிறது, ஏனென்றால் நானும் இதையே செய்தேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் சுரங்கத்தில் தினக்கூலிக்கு எடுத்த பையன்கள் கொஞ்சம் பேர் எங்கள் சங்கத்துக்கு வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். நான் அப்போது கிளைக் கமிட்டியில் இருந்தேன். நிரந்தரத் தொழிலாளியின் சலுகை போய்விடும் என்று பேசினோம். கட்டுக்கோப்பு கெடும் என்றோம். கதவைச் சாத்தினோம். அந்தப் பையன்களில் ஒருவன் என் சொந்தத் தெரு. சுரங்கம் மூடுவதாக நோட்டீஸ் வந்தபோது போராட ஆள் போதவில்லை. தெருவில் நின்றவர்களிடம் போய் வாருங்கள் என்று கூப்பிட எங்களுக்கு வாய் இல்லை.

மூடிய பிறகு அந்தப் பையன்களில் சிலர் இருட்டில் பழைய குழிகளுக்குள் இறங்கினார்கள். இரும்பு, செம்புக் கம்பி, கொஞ்சம் மண். ஊர் அவர்களைத் திருடன் என்றது. நானும்தான் சொன்னேன்.

அதனால்தான் ஸ்டில்ஃபான்டெய்ன் செய்தி வந்தபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம். உள்ளே மொசாம்பிக், ஜிம்பாப்வே, லெசோத்தோக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும். ஜமா ஜமா என்று அவர்களுக்குப் பெயர், ஜூலு மொழியில் திரும்பத் திரும்ப முயல்வது என்று பொருளாம். 2024-இன் பிற்பகுதியில் போலீஸ் சுரங்க வாய்களைச் சூழ்ந்து, சாப்பாடும் தண்ணீரும் கீழே போகாமல் தடுத்தது. புகை போட்டு வெளியே வரவைப்போம் என்கிற ரீதியில் ஓர் அமைச்சர் பேசினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் தலையிட்ட பிறகு கூண்டு இறக்கியபோது 246 பேர் உயிரோடு வந்தார்கள். 78 உடல்களும் வந்தன. பட்டினியால் செத்தவர்கள் அதில் உண்டு. ஆழத்தில் பசி எப்படி இருக்கும் என்று தெரியுமா? ஒரு தடவை கூண்டு கோளாறாகிப் பதினான்கு மணி நேரம் கீழே மாட்டிக்கொண்டேன். அதையே இன்னும் கனவில் காண்கிறேன். இவர்கள் மாதக்கணக்கில் இருந்தார்கள்.

அந்தச் சுரங்கத்துறைக்கு அமைச்சராக இருந்த க்வேடே மன்டாஷே 2007 முதல் 2012 வரை உங்கள் கட்சியின் தேசியத் தலைவர். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். இதை ஒரு தனிமனிதர்மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. அந்தச் சுரங்கங்களில் தங்கம் எடுத்துக் கொழுத்த கம்பெனிகள் வாயைக்கூட ஒழுங்காக அடைக்காமல் போய்விட்டன. வேலை இழந்தவன் அதே வாய் வழியாக இறங்கினால் குற்றவாளி. இதை உங்கள் கட்சி ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தால், வெளிநாட்டுக்காரன் வேலையைப் பறிக்கிறான் என்ற பேச்சு இவ்வளவு தூரம் பரவியிருக்குமா? 1922-இன் பதாகையில் இப்போது நிறத்துக்குப் பதில் கடவுச்சீட்டு வந்திருக்கிறது.

தனியாக நின்றால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சாவுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அவர்கள் மரிக்கானாவுக்குப் பிறகு துணிந்து கூட்டணியை விட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் முன்னின்று தொடங்கிய சோசலிஸ்ட் கட்சிக்கு 2019 தேர்தலில் கிடைத்தது 24,439 ஓட்டு. சொந்த உறுப்பினர்களில் பத்தில் ஒருவர்கூடப் போடவில்லை. 2017-இல் மெட்சிமஹோலோ நகராட்சியில் நீங்களே தனியாக நின்று மூன்று இடங்கள் பிடித்தீர்கள், மேயர் பதவியும் உங்களுக்கு வந்தது. நல்ல தொடக்கம். அந்த ஊர் மக்களிடம் குடிநீருக்கும் சாக்கடைக்கும் என்ன செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு கணக்கு கொடுத்தீர்களா? உள்ளாட்சித் தேர்தலில் ஜனங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

2025 பட்ஜெட்டையும் சொல்ல வேண்டும். மதிப்புக் கூட்டு வரியை இரண்டு புள்ளி ஏற்ற முயன்றார்கள். ஏழை வாங்கும் சோப்புக்கும் துணிக்கும் பணக்காரன் கொடுக்கிற அதே வரி. நீங்கள் எதிர்த்தீர்கள், தொழிற்சங்கக் கூட்டமைப்பான கோசாட்டுவும் எதிர்த்தது. ஆனால் அரசுக்குள் நின்று முட்டுக்கட்டை போட்டு, நீதிமன்றம்வரை போய், கடைசியில் பெயர் வாங்கியது ஜனநாயகக் கூட்டணி, முதலாளிகளின் கட்சி என்று நீங்கள் சொல்கிற அதே கட்சி. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அந்தக் கட்சியோடு சேர்ந்து நடத்தும் ஆட்சி வேண்டாம் என்று 2024-இல் அறிக்கை விட்டீர்கள். அந்த அமைச்சரவையில் உங்கள் தேசியத் தலைவர் பிளேட் நிஸிமாண்டேயும் இடம்பெற்றார். வேலை தேடுகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத நாடு. மாதம் 370 ராண்ட் நிவாரணத்தை நம்பி ஏறத்தாழ எண்பது லட்சம் பேர். அவர்களிடம் போய் உள்ளேயும் வெளியேயும் இருக்கிறோம் என்று எப்படி விளக்குவீர்கள்?

மொசாம்பிக்கில் ஃப்ரெலிமோ 1977-இல் மார்க்சிய-லெனினியக் கட்சி என்று அறிவித்துக்கொண்டது, 1989-இல் அதைக் கைவிட்டது. அங்கோலாவிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே கதை. பெயரைக் கழற்றிவிட்டு நாற்காலியை வைத்துக்கொண்டார்கள். உங்கள் கட்சி 1990-இல் அப்படிச் செய்யவில்லை. உங்கள் தலைவர் ஜோ ஸ்லோவோ, சோசலிசம் தோற்றுவிட்டதா என்று வெளிப்படையாகக் கேட்டு, தவறுகளை ஒத்துக்கொண்டு எழுதினார். கட்சிப் பெயரை மாற்றவில்லை. கிறிஸ் ஹானி அமைச்சர் ஆவதற்காக அலையாமல் கட்சியின் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்று, தெருத் தெருவாகப் போனார். 1993 ஏப்ரலில் அவரைத் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் சங்க அலுவலகத்தில் கொடியைப் பாதிக் கம்பத்தில் இறக்கினோம். அவர் முகத்தை நாங்கள் செய்தித்தாளில் பார்த்தது மட்டும்தான்.

ஆகவே கேட்கிறேன். வேட்பாளர் பட்டியல் போடுவதற்கு முன்னால், மத்தியக் குழு முழுவதும் மரிக்கானாவுக்குப் போங்கள். ஆகஸ்ட் 16 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிற நாளில் போய் மேடை கேட்காதீர்கள். சாதாரண ஒரு நாளில் போங்கள். அங்கே சிகலா சொன்கே என்று பெண்களின் அமைப்பு இருக்கிறது, சேர்ந்து அழுகிறோம் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். 2012-இல் நாங்கள் நின்ற இடம் தப்பு என்று எழுதிக் கொடுங்கள், கையெழுத்தோடு. அங்கிருந்து ஸ்டில்ஃபான்டெய்ன் ஒன்றும் பெரிய தூரமில்லை. அந்தச் சுரங்க வாயிலிலும் நில்லுங்கள்.

அவர்கள் உங்களைத் திட்டலாம். கல்லெறியவும் செய்யலாம். நான் என் தெருப் பையனிடம் போய்ப் பேச எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. அவன் முதலில் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாவது முறை போனபோது உட்காரச் சொன்னான்.

தோழமையுடன்,
தங்கவயலின் பழைய துளை மிஷின்காரன்